இராஜசிங்கம் வெட்டாத கோடு

சிங்கப்பூரின் பூன் லேயில் ஒரு சிமெண்டுக் கிடங்கு. அங்கே பதினெட்டு ஆண்டுகளாக எழுத்தர் வேலை பார்க்கிறார் இராஜசிங்கம். காலையில் வந்ததும், தேநீர்கூடக் குடிக்காமல், முற்றத்துக் கருவி காட்டும் தூசி அளவைக் குறித்துக்கொள்வார். ஆண்டு முடிந்ததும் சராசரியை ஒரு புள்ளியாக வைத்து, பழைய தாளோடு புதுத் தாளை ஒட்டிக் கோட்டை நீட்டுவார். அலுவலகச் சுவரில் நீளமாகத் தொங்கும் அந்த வரைபடம் ஒன்றுதான் அவருடைய பெருமை.

2014இல் ஊரெங்கும் அளவுமுறை மாறியது. அதுவரை எண்ணிக்கையில் வராத நுண்தூசியையும் சேர்த்துக்கொண்டார்கள். கிடங்கும் கருவியை மாற்றியது. முப்பதில் கிடந்த எண் ஐம்பதுக்குத் தாவியது. காற்று அதே காற்றுதான். அந்த இடத்தில் கோட்டை வெட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருக்க வேண்டும். பார்க்க அசிங்கமாக இருக்குமே என்று இராஜசிங்கம் வெட்டவில்லை.

சேதுபதி 2013 வரை அந்த முற்றத்தில் மூட்டை இறக்கியவர். பிறகு உள்ளே, ஸ்டோரில் வேலை. போன ஆண்டு அவருடைய நுரையீரல் தழும்பேறிப்போனதாக மருத்துவர் சொன்னார். இழப்பீடு கேட்டு மனுப் போட்டார். நிறுவனத்தின் வழக்கறிஞர் சுவரிலிருந்த வரைபடத்தைக் கழற்றிக்கொண்டு போய் விசாரணையில் விரித்தார். இவர் வெளியே இருந்தவரை காற்று சுத்தம். கெட்டது இவர் உள்ளே போன பிறகுதான் என்றார். நுண்தூசி யாரும் எண்ணட்டும் என்று காத்திருக்கவில்லை, அது முதல் நாளிலிருந்தே சேதுபதியின் நெஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்க அங்கே ஆளில்லை.

இராஜசிங்கம் மேலாளர் இஸ்மாயிலிடம் போனார்.

"அந்தக் கோடு தப்பு தம்பி. ரெண்டு அளவை ஒண்ணா இழுத்துட்டேன். திருத்திக் கொடுக்கணும்."

"வருஷா வருஷம் சரின்னு கையெழுத்து போட்டது யாரு அங்கிள்? நீங்கதானே? இப்ப தப்புன்னா யார் நம்புவா? விட்டுடுங்க லா."

இராஜசிங்கம் தானே விசாரணை அதிகாரிக்குக் கடிதம் எழுதி அனுப்பினார். அதே பதில்தான், மரியாதையான ஆங்கிலத்தில் வந்தது. சேதுபதியின் மனு தள்ளுபடி.

சனிக்கிழமை மார்சிலிங்கில் இருக்கும் சேதுபதியின் வீட்டுக்குப் போனார். சேதுபதி மூக்கில் குழாயோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இராஜசிங்கம் விஷயத்தைச் சொன்னார். சேதுபதி தலையை மட்டும் ஆட்டினார். முற்றத்தில் இருந்த காலத்தில் தினமும் காலையில் கேட்கும் கேள்வியைத்தான் கேட்டார்.

"இன்னிக்கு எவ்வளவு அண்ணே?"

"அம்பத்தி ரெண்டு."

"பழசுலயா, புதுசுலயா?"