சட்டைப்பையில் ஒரு துண்டுத் தண்டவாளம்

என் சட்டைப்பையில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு தண்டவாளத் துண்டு கிடக்கிறது. துணி துவைக்க எடுக்கும்போதெல்லாம் என் மனைவி அதை எடுத்து ஜன்னல் ஓரத்தில் வைத்துவிடுவாள். குளித்துவிட்டு வந்ததும் நான் அதை அடுத்த சட்டைக்கு மாற்றிக்கொள்வேன். மெல்லிசாக இரண்டு கம்பிகள், அடியில் சரளைக்கல் மாதிரி அச்சு வைத்த பிளாஸ்டிக், அவ்வளவுதான். ஒரு முனை கம்பெனியில் செய்தபடி நேராக இருக்கும். மறுமுனை ரம்பத்தால் அறுத்தது, கொஞ்சம் கோணல். அறுத்தவர் என் மச்சான், அக்காவின் கணவர். அவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

நான் எழுதிப் பழக்கப்பட்டவன் இல்லை. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனவன். இராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிக்கு வேண்டிய பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு சின்ன யூனிட்டில் தறிகளைப் பழுதுபார்க்கிற பிட்டராக இருக்கிறேன். எதற்கெடுத்தாலும் பயம் எனக்கு. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து பார்ப்பேன். பஸ்ஸில் ஏறினால் இறங்குவதற்குள் டிக்கெட்டை மூன்று முறை தொட்டுப் பார்ப்பேன். மச்சான் அப்படி இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு எதிரே டைப் அடித்துக்கொடுக்கிற கடை வைத்திருந்தார். ஊர்ப்பட்ட வழக்குகளை அடித்துக் கொடுத்துவிட்டு, கவலையெல்லாம் அந்தக் காகிதத்தோடு போய்விட்டது என்பதுபோல் வீட்டுக்கு வருவார்.

துபாயில் இருந்து வந்த அவருடைய கூட்டாளி ஒருவர் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனதில்தான் எல்லாம் தொடங்கியது. அதற்குள் ஒரு பொம்மை ரயில் இன்ஜின், மூன்று பெட்டிகள், வட்டமாக மாட்டுகிற தண்டவாளங்கள். பிள்ளைகள் இரண்டு நாள் விளையாடிவிட்டு விட்டுவிட்டார்கள். மச்சானால் விட முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் போட்டார். “மாப்ள, இது செக்குமாடு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கு. எங்கயும் போக மாட்டேங்குது. இதுக்கு ஊர் வேணும். நீ கிளம்பி வா” என்றார். அன்று பஸ் ஏறியவன்தான். அதற்குப் பிறகு அவர் இருந்தவரை ஒரு ஞாயிறுகூட நான் வீட்டில் இருந்ததில்லை.

மாடி அறையில் இரண்டு பிளைவுட் பலகைகளை முக்காலிகள் மேல் சேர்த்துப் போட்டோம். ஒரு பலகை இராஜபாளையம், என் பொறுப்பு. மற்றது ஸ்ரீவில்லிபுத்தூர், அவர் பொறுப்பு. இரண்டின் மேலும் புல்தரைக்காகப் பச்சைத் துணி விரித்தோம். கோயில் கோபுரத்தைப் பால்கோவா அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒட்டி அவரே செய்தார். பக்கத்தில் போனால் நெய் வாசம் வரும். மலையை நான் செய்தேன். கை கால் ஒடிந்தால் போடுகிற மாவுக்கட்டுத் துணியை நனைத்து, நசுக்கிய காகிதத்தின் மேல் போர்த்திக் காயவைத்தால் அச்சாக மலை மாதிரியே இறுகிவிடும். அதைப் பார்த்துவிட்டு மச்சான், “மலைக்கே எலும்பு முறிஞ்ச மாதிரி கட்டுப் போட்டுட்டியே மாப்ள” என்று சிரித்த சிரிப்பில் கீழேயிருந்து அக்கா வந்துவிட்டாள். “அம்பது வயசை நெருங்குது, ரெண்டும் மண்டிபோட்டுத் தவழுதுக” என்று தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

எந்தத் தண்டவாளம் போடுவது என்பதில்தான் எங்களுக்குள் வழக்கு வந்தது. பெட்டியோடு வந்தது நறுக்கு நறுக்காக இருக்கும். ஒன்றோடு ஒன்றைத் தள்ளினால் ‘டக்’கென்று மாட்டிக்கொள்ளும், இழுத்தால் வந்துவிடும். ஆனால் நேர்த்துண்டும் வளைவும் கம்பெனிக்காரன் கொடுத்த அளவில்தான், நம் இஷ்டத்துக்கு வளையாது. இன்னொரு வகை, ஒரு கை நீளத்துக்கு வருகிற வளையும் தண்டவாளம். எப்படி வேண்டுமானாலும் வளைத்து, தேவையான நீளத்துக்கு அறுத்து, பலகையில் ஆணி அடித்துவிட வேண்டும். அடித்தால் அடித்ததுதான். மச்சானுக்கு அதுதான் வேண்டும். நிஜ ரயில் அப்படித்தானே திரும்புகிறது, எங்கே திரும்பியது என்றே உள்ளே இருப்பவனுக்குத் தெரியாமல் என்பார்.

அந்த ஆணிக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. மழையில் மாடி ஒழுகினால்? ஆடிப்பூரத் தேருக்குச் சொந்தக்காரர்கள் வந்து அந்த அறையில்தானே படுப்பார்கள், அப்போது என்ன செய்வது? வளைவு கொஞ்சம் பிசகிப்போனால் எப்படிப் பிடுங்குவது? ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆணி அடித்தால்தான் பலகையோடு தூக்கிச் சுவரில் சாத்த வசதி என்றார் அவர். பலகை வளைந்தால் ஆணி கிளம்புமே என்றேன் நான். கடைசியில் அவர் சொன்னார்: “நீ ஆணிக்குப் பயப்படலை மாப்ள. ஒருதரம் வச்சா வச்சதுதான்னு இருக்கு பாரு, அதுக்குப் பயப்படுதே. சரி, உன் பயத்துக்கும் ஒரு டிக்கெட் எடுப்போம். மாட்டுற ட்ராக்கே இருக்கட்டும்.”

அப்படி என் பயம்தான் அந்தத் தண்டவாளத்தைத் தேர்ந்தெடுத்தது.

அதோடு வாழ்வது லேசாக இல்லை. கம்பெனி கொடுத்த அளவுத் துண்டுகளை எப்படி மாற்றி மாட்டினாலும், அவர் பலகைப் பக்கம் கடைசியில் ஒரு சுண்டுவிரல் இடைவெளி விழுந்தது. மச்சான் ஒரு நேர்த்துண்டை அறுத்து அந்த இடத்தில் பொருத்தினார். அப்படியும் முழுதாகச் சேரவில்லை. சுற்றிலும் உள்ள ஒவ்வொரு ஜாயிண்டையும் மயிரிழை மயிரிழையாக நெகிழ்த்தி, எங்கேயும் தெரியாதபடி அந்தக் கோணலைப் பங்குபோட்டுவிட்டார். தேருக்கு ஆட்கள் வரும்போதெல்லாம் கழற்றுவோம், போன பிறகு மாட்டுவோம். என் பாதியை நான், அவர் பாதியை அவர். கழற்றிக் கழற்றி மாட்டியதில் கிளிப்புகள் தளர்ந்தன. அந்த அறுத்த துண்டு இருந்த இடத்தில் கரண்ட் சரியாகப் பாயாமல் ரயில் நின்றுவிடும். மச்சான் பேச்சை நிறுத்தாமலேயே கையை நீட்டிப் பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார். ரயில் கிளம்பிவிடும்.

தண்டவாளத்தில் அழுக்குப் படிந்தாலும் நிற்கும் என்பதால், யூனிட்டில் கழிவாகப் போகும் பேண்டேஜ் துணியைக் கேட்டு வாங்கி வந்து ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தேன். கம்பி பளபளவென்று ஆனது. இரண்டு சுற்றுப் போனதும் இன்ஜின் முனகிக்கொண்டு நின்றது. திருப்பிப் பார்த்தால், துணியின் நூல் பிசிர் அச்சுத்தண்டில் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. நூல் பிசிர் தறியில் என்ன செய்யும் என்று தெரிந்து அதிலேயே பிழைக்கிறவன் நான்! ஊசியால் பிசிரை எடுத்துக்கொண்டே மச்சான் சொன்னார், “ரயிலுக்கும் பேண்டேஜ் போட்டுட்டான்யா. இனிமே இதை ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட்டணும்.” மோட்டார் கருகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை.

போன ஆடிப்பூரம் முடிந்து திரும்ப மாட்டிய அன்றைக்கு மறுபடியும் கேட்டார். “கிளிப்பெல்லாம் செத்துப்போச்சு மாப்ள. ஆணி அடிச்சுருவமா?” பார்ப்போம் மச்சான் என்றேன். “எம்புட்டு நாள்தான் பாப்பே?” என்று சிரித்தார். அதற்கு மேல் கேட்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே மேஜையில் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. மாடி ஒழுகுவதற்கும் எறும்பு வருவதற்கும் பலகை வளைவதற்கும் பயந்த எனக்கு, இவருக்கு ஒன்று ஆகும் என்று ஒருநாள்கூடப் பயம் வந்ததில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆட்கள் வந்து தங்க இடம் வேண்டியிருந்தது. யாராவது மிதித்துவிடுவார்களே என்ற பதற்றத்தில் நானே மாடிக்குப் போய்த் தண்டவாளத்தைக் கழற்றினேன். என் பாதி, அவர் பாதி, எல்லாவற்றையும். இத்தனை வருஷம் ஓடிய ரயில் பாதையை இரண்டு சாக்கில் போட்டுக் கட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆணி அடித்திருந்தால் பலகையோடு தூக்கிச் சாத்தியிருப்போம், அவர் கை வைத்த ஜாயிண்ட் அத்தனையும் அப்படியே இருந்திருக்கும். அது சாக்கைக் கட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. அறுத்த துண்டு மட்டும் தொலைந்துவிடக் கூடாதே என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து அக்கா போன் செய்தாள். என்னென்னவோ பேசிவிட்டுச் சொன்னாள், “ஏலே, அந்த ரயிலைத் திரும்ப மாட்டுறியா? அது ஓடுற சத்தத்துக்கு அவியள எம்புட்டு ஏசியிருக்கேன். இப்பம் மேல சத்தமே இல்லாம, கீழ உக்கார முடியலைலே.”

போனேன். என் பாதி கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிற மாதிரி வந்துவிட்டது. அவர் பாதி வரவே இல்லை. எந்த வளைவுக்குப் பிறகு எந்தத் துண்டு என்று அவர் எழுதி வைக்கவில்லை, நானும் கவனித்ததில்லை. நாலு ஞாயிறு முயன்றேன். எப்படி மாட்டினாலும் கடைசியில் வாய் திறந்துகொண்டு நின்றது. அறுத்த துண்டை வைத்தால் ஒருநாள் துண்டு பெரிதாக இருந்தது, இன்னொரு நாள் இடைவெளி பெரிதாக இருந்தது. மயிரிழை மயிரிழையாகக் கோணலைப் பங்குபோடுகிற கை என்னுடையது இல்லை. அக்கா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கீழே போய்விடுவாள்.

நாலாவது ஞாயிறு, துணிச் சுருக்கத்தால்தான் சேரவில்லையோ என்று, அவர் பலகையில் இருந்த பச்சைத் துணியை இழுத்து எடுத்தேன். அடியில் பென்சில் கோடு. மாட்டுகிற ட்ராக்கின் வளைவு இல்லை அது. கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு, எங்கே திரும்பியது என்று தெரியாமல் திரும்புகிற ஒரே நீண்ட வளைவு. வழியெல்லாம் ஆணி அடிப்பதற்குச் சின்னச் சின்னப் பெருக்கல் குறிகள். போன ஆடிப்பூரம் முடிந்து துணியைத் திரும்ப விரிக்கும்போது வரைந்திருக்க வேண்டும். கோடு இரண்டு பலகைகளும் சேருகிற விளிம்பு வரை வந்து நின்றிருந்தது. என் பலகையில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. விளிம்பில், மனுக்களுக்குக் குறிப்பெடுக்கிற அதே கையெழுத்தில், இரண்டே வார்த்தை: “மாப்ளயக் கேக்கணும்.”

கீழே பார்த்துக் கூப்பிட்டேன். அக்கா வந்து படித்துவிட்டுச் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வளையும் தண்டவாளத்தைச் சென்னையில் இருந்து வரவழைத்தேன். அவர் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தேன், அப்படியே படிந்தது. அவர் கோடு நின்ற இடத்தில் இருந்து என் பாதியை நான் வரைந்தேன், மூன்று முறை அழித்து அழித்து. சுத்தியலைக் கையில் எடுத்த பிறகும் பழைய புத்தி போகவில்லை. “அடிக்கவாக்கா?” என்றேன்.

“அவிய உங்கிட்டதானே கேட்டுக்கிட்டு இருந்தாவ? எங்கிட்ட எதுக்குக் கேக்கே?” என்றாள்.

அவர் போட்ட முதல் பெருக்கல் குறியில் அடித்தேன்.

முழுதாக முடிய ஆறு ஞாயிறு ஆனது. மாடியில் ரயில் ஓடுகிறது. அக்கா கீழே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். முதன்முதலாக ஓடிய அன்று, ரயில் கோபுரத்தைத் தாண்டி, எப்போதும் நிற்கிற அந்த இடத்துக்கு வந்தது. என் கண் தானாகவே எதிர்ப்பக்கம் போனது, அந்தப் பெருவிரலைத் தேடி. ரயில் நிற்கவில்லை. ஒரு தயக்கமும் இல்லாமல் அந்த இடத்தைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது. நல்லபடியாகத்தான் ஓடுகிறது. அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இந்தப் பாதையில் எங்கேயும் இடைவெளி இல்லை. அதனால் அறுத்த துண்டுக்கு இனி வேலையும் இல்லை. ஆனாலும் கறுத்துப் போய்விடுமோ என்று பயந்து வாரம் ஒருமுறை எடுத்து, பிசிர் இல்லாத பழைய வேட்டித் துணியால் துடைத்து, கோணலான முனையைப் பெருவிரலால் ஒருதரம் அழுத்திப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன்.