அம்மா பெயரெழுதிய வாக்குச்சீட்டு

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகள், நட்புகள் அனைவருக்கும் வணக்கம். அம்மாவைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமானவர்கள் உண்டு. தம்பிக்குத் தமிழ் நன்றாக வரும். மாமாவுக்கு அம்மாவின் சிறுவயதுக் கதைகள் எல்லாம் தெரியும். ஆனால் நடுரோட்டில் நாலு பேர் பார்க்க அம்மாவைத் தலைகுனிய வைத்தவள் நான் ஒருத்திதான். அதனால் நான்தான் எழுதுவேன் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன்.

அம்மா இலங்கையின் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தார். இந்திய வம்சாவளி என்று குடியுரிமை மறுக்கப்பட்ட தாத்தா, இந்தியாவுக்குப் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். கப்பலும் வரவில்லை, தாத்தாவும் போகவில்லை. அதனால் பிறந்த மண்ணிலேயே அம்மா எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவராக வளர்ந்தார். பசறைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்துக்கு மருமகளாக வந்து, நாங்கள் விவரம் அறியும் முன்பே அப்பாவை இழந்து, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியே என்னையும் தம்பியையும் ஆளாக்கினார். அட்டைக்கடி, குளிர், மழை என்று ஒருநாளும் அவர் முனகி நான் கேட்டதில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு ரோஷம் அதிகம். கைநாட்டு வைப்பது அவருக்குப் பிடிக்காது. தோட்ட அலுவலகமான கந்தோரில் பெருவிரலை மையில் தேய்த்துவிட்டு வரும் நாளெல்லாம் வீட்டில் சட்டி பானை சத்தம் கூடுதலாகக் கேட்கும். நான் இரண்டாம் வகுப்புப் படித்தபோது என் சிலேட்டிலேயே தன் பெயரை எழுதப் பழகினார். அதன் பிறகு கேட்கவா வேண்டும்! கந்தோர், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, எங்கே யார் காகிதம் நீட்டினாலும் அம்மா நிதானமாக முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போடுவார். தோட்டத்தில் எங்கள் கைக்கு வரும் காகிதங்கள் எல்லாம் கையெழுத்துக்காகவே வருபவை. வேறு எதற்காகவும் ஒருவர் நமக்குக் காகிதம் தருவார் என்பது அவருக்குத் தெரியாது.

நாற்பது வயதில்தான் அம்மாவுக்குக் குடியுரிமையும் அடையாள அட்டையும் கிடைத்தன. எனக்கு அப்போது பதினெட்டு. தாயும் மகளும் ஒரே நாளில், ஒரே வரிசையில் நின்று, வாழ்க்கையின் முதல் வாக்கைப் போட்டோம். தீபாவளிப் புடவையைக் கட்டிக்கொண்டு, தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைந்தார். சுண்டுவிரலில் மை வைத்ததும் அவர் அதை ஊதி ஊதிக் காயவைத்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

திரும்பி வரும் வழியில் அம்மா என் காதுக்கருகே வந்து சொன்னார். "என் பேர முழுசா எழுதிட்டேன் புள்ள. ஒரு எழுத்துகூட தப்பில்ல."

என் வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்டுத் திறப்பதில்லை. "ஐயோ அம்மா! கட்டத்துல பெருக்கல் குறி மாதிரி புள்ளடி மட்டுந்தான் போடணும். பேரு எழுதினா சீட்டு செல்லாதும்மா!" என்று ரோடே கேட்கும்படி கத்திவிட்டேன். முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"அப்ப நான் போட்டது?"

"கணக்குல வராது."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு லயத்து வரிசை வீடுகள் வரும்வரை நடந்தார். இவ்வளவு காலம் காத்திருந்து கிடைத்ததை நானல்லவா ஒரு நொடியில் பறித்துவிட்டேன் என்று நினைத்தபடி நான் பின்னாலேயே போனேன். மறுநாள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பெண்கள் கூட்டமாக நின்றபோது, யாரும் கேட்காமலே அம்மா கதையை எடுத்துவிட்டார். "நாப்பது வருசமா எந்த நாட்டுக் கணக்குலயும் என் பேரு இல்ல. எழுத ஒரு காகிதம் கெடச்சிச்சு, எழுதிட்டேன். நீங்க எழுதிறாதீங்கடி!" என்று சொல்லிச் சிரித்தார். கேட்டவர்களில் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். தன் அவமானத்தை இப்படிக் கையிலெடுத்து ஊருக்குப் பாடமாகக் கொடுக்க எத்தனை பேரால் முடியும்? எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் முந்திய நாள் அம்மா லயம் லயமாக ஏறி இறங்கினார். பழைய கலண்டர் தாளில் கட்டம் போட்டு, புதிதாகப் பட்டியலில் சேர்ந்த பிள்ளைகளுக்குப் புள்ளடி போடக் காட்டுவார். "பேரு எழுதாதே புள்ள" என்று கடைசியாக ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்கு நகர்வார். கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குப் போன் போட்டு, "வர்றியா, இல்லையா?" என்று அதட்டுவார். அவர்களும் லீவு சொல்லிவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வருவார்கள். எதற்கடா இவ்வளவு கஷ்டம் என்று ஒரு பையனிடம் கேட்டேன்.

"யாருக்குப் போடுறேன்னு பெரியம்மா ஒருநாளும் கேட்டதில்லக்கா. வந்தியான்னு மட்டுந்தான் கேப்பாங்க. அதோட அன்னைக்கு ஒருநாள் தோட்டத்த நடத்துற தொரையும் நாங்களும் ஒரே வரிசையில நிக்கிறோம். அவருக்கும் ஒரு சீட்டு, எனக்கும் ஒரு சீட்டு. அதுக்காகவே வரலாம்க்கா" என்றான்.

சென்ற ஆண்டு தேர்தல் வந்தபோது அம்மா பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தார். மூச்சுவிடவே சிரமப்பட்ட நிலையிலும் "புள்ளைங்க வந்துட்டாங்களா?" என்றுதான் கேட்டார். வாக்களிப்புக்கு முந்திய நாள் காலையில் எங்களை விட்டுப் பிரிந்தார். மறுநாள் விடிந்ததும் கொழும்புப் பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகச் சாவு வீட்டுக்கு வந்தார்கள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. சடலம் எடுக்கும்வரை அந்த லயத்துக்காரர்கள் வேறு காரியத்துக்கு இறங்கமாட்டார்கள். எடுப்பதோ பின்னேரம் மூன்று மணிக்கு. அடக்கம் முடித்துக் குளித்து, கீழே பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் நாலு மணியாகி வாக்களிப்பு முடிந்துவிடும். பக்கத்து வீட்டுக் கௌசல்யாவுக்கு அதுதான் முதல் வாக்கு. "பெரியம்மா இப்படிப் படுத்திருக்கும்போது நான் எப்படிப் போவேன்க்கா?" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள்.

நான் எழுந்தேன். "எல்லாரும் போயிட்டு வருவோம்" என்றேன்.

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்தவளக் கெடத்திட்டு ஓட்டுப் போடப் போறியா? ஊரு என்ன சொல்லும்?"

"மாமா, அம்மா இப்ப எந்திரிச்சு உக்காந்தா முதல்ல உங்களத்தான் திட்டும்."

அழுதுகொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். மாமா குனிந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தப்பு மேளம் அடிப்பவர்களை நிறுத்தச் சொன்னார். "புள்ளைங்க வந்ததும் அடிங்க" என்று சொல்லிவிட்டு, தன் வாக்காளர் அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு எங்களோடு அவரும் இறங்கினார்.

அம்மாவை இறுதிவரை பராமரித்த தாதிமாருக்கும், கேட்காமலே நாற்காலிகளும் தேநீருக்குச் சீனியும் அனுப்பிய நாங்கள் நானா என்றழைக்கும் பசறை முஸ்லிம் கடைக்காரருக்கும், குழி வெட்டிய தோட்டத்து உறவுகளுக்கும், நாங்கள் திரும்பும்வரை அம்மாவுக்குக் காவலிருந்த முதியவர்களுக்கும், வழக்கத்தை ஒரு பொழுது தளர்த்திய மாமாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நாங்கள் திரும்பி வந்ததும் அவர்கள் அம்மாவின் காலடியில் தாமாகவே வரிசையாக நின்றார்கள். கௌசல்யா முதலில் குனிந்து, மை வைத்த சுண்டுவிரலை அம்மாவின் பாதத்தில் வைத்தாள். "போட்டுட்டேன் பெரியம்மா. பேரு எழுதல" என்றாள். அடுத்த பையனும் குனிந்து, "பேரு எழுதல பெரியம்மா" என்றான். ஒவ்வொருவராக வந்து அதையே சொன்னார்கள். வரிசையின் கடைசியில் நான் நின்றேன். அன்று ரோடே கேட்கக் கத்திய இந்த வாய், என் முறை வந்தபோது திறக்கவே இல்லை. விரலை மட்டும் அம்மாவின் பாதத்தில் வைத்தேன்.