அலுமாரிக் கண்ணாடியில் வாப்பாவின் வலது கை

மீனுக்குப் போட எடுத்த வெடி கையிலேயே வெடித்ததில் வாப்பாவின் வலது கை மணிக்கட்டோடு போனது. புத்தளம் ஆஸ்பத்திரியிலிருந்து அவர் பள்ளிவாசல்துறைக்குத் திரும்பியபோது எனக்கு ஏழு வயது. வந்தவர் சோற்றைத் தொடவில்லை. இடது கை கழுவுகிற கை. அதால் தின்பது எங்களில் வழக்கமில்லை. இயலாதவருக்கு அதில் குற்றமில்லை என்று பள்ளி லெப்பை வீட்டுக்கே வந்து சொன்னார். உம்மா ஊட்டப் போனால், "நான் என்ன பால்குடிப் புள்ளயா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். தேத்தண்ணியில்தான் உயிர் நின்றது.

எனக்கு மூத்த நானா அப்போது பெரிய பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். படித்ததை யாருக்காவது சொல்லாவிட்டால் அவருக்குச் செரிக்காது. வீட்டில் அகப்பட்டவள் நான். கடதாசியில் ஒரு வலது கையை வெட்டி, தரையில் கோடு கீறி, கோட்டுக்கு மற்றப் பக்கம் புரட்டிப் போட்டார். இடது கையாயிற்று. இன்னொரு தரம் புரட்டினார். பழைய கையே வந்தது.

"புரட்டுறதுக்கு 'க' எண்டு பேர் வைப்போம். 'க'வை 'க'வால பெருக்கினா ஒண்டு."

"எழுத்தைப் பெருக்குறதா? எங்கட டீச்சர் கேட்டா அடிப்பா."

"ஒண்டால பெருக்கினா எது மாறும், மடச்சி? ஒண்டும் நடக்காத மாதிரித்தான்."

ஒன்றும் நடக்காத மாதிரி என்பது மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு பகல் வாப்பா சோற்றுக் கோப்பையோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். இடுக்கால் பார்த்தேன். அலுமாரிக் கண்ணாடியின் முன்னால் இருந்து, கண்ணை அதிலிருந்து எடுக்காமல், இடது கையால் தின்றுகொண்டிருந்தார். கண்ணாடிக்குள் இருந்தவர் வலது கையால் தின்றார். ஓடிப்போய் உம்மாவிடம் சொன்னேன். உம்மா என் வாயைப் பொத்தினார். "கத்தாத. தின்னட்டும்."

நாலைந்து நாளில், "இன்னும் கொஞ்சம் மீனாணம் இருக்கா?" என்று வாப்பா கறி கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

நானாவுக்குத்தான் அது போதவில்லை. சுவர்க் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அறைக்குள் போனார். அலுமாரிக் கண்ணாடியோடு மூலை சேர்ந்தாற்போல் அதை நிறுத்திப் பிடித்தார்.

"வாப்பா, நீங்க பாக்குறது ஒரு தரம் புரட்டின ஆள். இந்த மூலையப் பாருங்க, ரெண்டு தரம் புரண்டு சரியான ஆள் தெரிவார்."

எல்லாம் பழையபடி ஆகப்போகிறது என்று நான் வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வாப்பா சோற்றுப் பிடியோடு பார்த்தார். மூலையில் இருந்தவர் வாப்பாவைப் போலவே இடது கையில் சோறு ஏந்தியிருந்தார். பிடி கோப்பைக்குள் விழுந்தது.

"சரியான ஆள் ஆரெண்டு எனக்குத் தெரியாதா, மகன்?"

கோபமில்லாமல்தான் சொன்னார். அதன்பிறகு அந்த அறையில் அவர் சோறு தின்னவில்லை. எந்த அறையிலும் தின்னவில்லை. அடுத்த நோன்புக்கு வாப்பா இல்லை.

கண்ணாடி பிடித்த அன்று பின்னேரம் நானா கிணற்றடியில் குந்தியிருந்தார். நான் கிட்டப் போய், "பிழையாச் செஞ்சிட்டீங்க நானா, இன்னொருக்காச் செஞ்சு பாருங்க" என்றேன். அவர் செய்ததில் பிழையே இல்லை என்று விளங்குகிற வயது எனக்கு அன்று இல்லை.