மிலாறு முடிச்சு

என் கையெழுத்து கோணலாக இருக்கும். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லத் துணிவில்லாத ஒன்றை எழுதுகிறேன்.

எங்கள் மகள் ஐந்து வயதில்தான் நடந்தாள். பேச்சு வரவேயில்லை. ஏழு வயதாகியும், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் கைக்குழந்தைகளோடுதான் அவளை விட்டுவிட்டு வேலைக்குப் போனோம். ஒரு நாள் அங்கிருந்த ஆயா என் மனைவியை நிறுத்திச் சொன்னார்.

"கோவிச்சுக்காத தங்கச்சி. இவ கைப்புள்ளைங்க மேல போய் விழுந்துர்றா. நாளையிலேருந்து கொண்டாராத."

பள்ளிக்கூடத்திலும் சேர்க்கவில்லை. இரண்டு நாள் லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில், தனியே விட்டோம். மூன்றாம் நாள், கீழே ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் சிரித்துக்கொண்டு நின்றவளைப் பக்கத்துக் காம்பரா அக்கா தூக்கி வந்தார். அன்று மாலையே என் மனைவி பழைய சேலையொன்றைக் கிழித்தாள். ஒரு முனை இஸ்தோப்பு என்கிற முன் திண்ணையின் தூணில், மறுமுனை மகளின் காலில்.

முடிச்சுப் போடுவது என் வேலை. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை மிலாறு என்போம். அதை விறகுக்குக் கட்டிச் சுமந்து வருகிற முடிச்சுதான் எனக்குக் கை வந்தது. அதையே போட்டேன். ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்புச் சத்தம் கேட்டதும் அவளே காலை நீட்டுவாள். அதைப் பார்த்துவிட்டு மலைக்கு ஏற மனம் வராது.

என்னைப் போன்ற கவ்வாத்துக்காரனுக்கு மதியத்தோடு வேலை முடியும். மனைவி பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வர ஐந்து மணியாகும். இடைப்பட்ட நேரம் எனக்கும் மகளுக்கும்தான். முதலில் அவள் கால்கட்டை அவிழ்ப்பேன். பிறகு மிலாறுக் கட்டு. அவள் விரல்களை என் விரல்களோடு சேர்த்துப் பிடித்து முடிச்சின் நுனியை இழுப்பேன். குச்சிகள் சரியும்போது கை தட்டிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே திரும்பவும் கட்டுவேன்.

"என்ன மாமா, அவுத்த வெறகையே கட்டிக்கிட்டு இருக்கீங்க? அத்தை வந்தா அடுப்புக்கு ஒங்களத்தான் வைப்பாங்க" என்று லயத்து இளவட்டங்கள் கேலி செய்வார்கள். நான் அடுத்த கட்டுக்குக் குச்சி பொறுக்குவேன்.

எட்டு மாதம் போயிருக்கும். ஒரு மதியம் வந்து பார்த்தால் சேலைத் துண்டு தரையில் கிடந்தது. மகள் வாசற்படியில் உட்கார்ந்து கை தட்டினாள். சட்டைப் பொத்தான் போடத் தெரியாத பிள்ளை என் முடிச்சை அவிழ்த்திருந்தாள். யாரிடமும் போய் நின்று பேசாதவன் நான், பக்கத்துக் காம்பராவுக்கு ஓடினேன்.

"அக்கா, முடிச்ச அவுத்துட்டா! தானாவே அவுத்துட்டா!"

அக்காவின் முகம் மாறியது. "அப்ப இனி ஆத்துக்குப் போறவள யாரு புடிக்கிறது?"

மாலையில் என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். "நாளைக்கு வேற முடிச்சா போடுங்க. அவளுக்குத் தெரியாத முடிச்சா."

மறுநாள் அப்படியே போட்டேன். மகளின் விரல்கள் முடிச்சைத் தடவிப் பார்த்தன. இழுக்கும் நுனி எதுவென்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தாள். மனைவி கூடையோடு படி இறங்கிப் போனதும் அதை அவிழ்த்து மிலாறு முடிச்சே போட்டேன்.

நான் கவ்வாத்து வெட்டும் தேயிலை நிரையிலிருந்து ஆறு தெரியும். அன்று கத்தி இரண்டு தரம் கை தவறியது. திரும்பி வந்தபோது வாசற்படியில் இருந்தாள். அடுத்த நாளும் இருந்தாள்.

"கெட்டியா கட்டுனீங்களா?" என்று மனைவி தினமும் கேட்பாள்.

"கெட்டியாத்தான்" என்பேன்.

அடைமழைக் காலத்தில் ஒரு நாள் மகளின் பாவாடை முழங்கால் வரை நனைந்து ஆற்று மணல் ஒட்டியிருந்தது. மனைவி வருமுன் மணலை உதறி, அடுப்பருகே காயவைத்தேன். மறுநாள் காலை சேலைத் துண்டைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் காலை நீட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அதே முடிச்சைத்தான் போட்டேன்.

இப்போது அவளுக்குப் பதினைந்து வயது. கட்டுவதை விட்டு நாளாகிறது. இன்னும் பேச்சில்லை. மிலாறுக் கட்டை அவள்தான் அவிழ்க்கிறாள், கை தட்டுகிறாள். எங்களுக்குப் பிறகு அவள் காலில் யார் என்ன முடிச்சுப் போடுவார்களோ என்று நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

என் மனைவிக்கு வாசிக்கத் தெரியாது. நனைந்த பாவாடையைப் பற்றி யாராவது அவளுக்கு வாசித்துச் சொன்னால் சொல்லட்டும்.

1965 ஆகஸ்ட் 8, ஞாயிற்றுக்கிழமை