பிழிந்தெடுத்த தொப்புள்கொடி ரத்தம்

பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது சுலபம். ரிப்போர்ட் கொடுப்பதுதான் சிரமம். என்னைப்போல் லேபில் அவதிப்பட்டவர்கள் சார்பாக முதலில் ஒரு பெரும்பிழையைத் திருத்தியாக வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி குழந்தை பிறந்த பிறகே, அதுவும் டப்பாவில் விற்கும் சத்துமாவைக் குடித்த பிறகே வரும் என்று தாம்பரம் முழுக்க நம்புகிறது. தவறு. கருவின் இரண்டாம் மாதத்திலேயே, நகம் முளைக்கும் முன்பே, அதன் ஈரலில், கிருமியோடு மல்லுக்கட்டும் எதிர்ப்பொருளுக்கான மரபணுக்கள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன.

தாய் கொடுத்ததும் தான் செய்ததும்

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், குரோம்பேட்டையில் பெயின்ட் கடை வைத்திருந்த ரஃபீக் பாய், பிறந்து மூன்று நாளான மகளுக்கு எங்கள் லேப் கொடுத்த ரிப்போர்ட்டோடு வந்தார். வயிற்றுப் பிள்ளையின் கண்ணைக் கெடுக்கும் ஒரு கிருமி அவர் மனைவிக்குக் கர்ப்பத்தில் தொற்றியிருந்தது. குழந்தைக்கு ‘ஜி’, ‘எம்’ இரண்டு வகை எதிர்ப்பொருளும் பாசிட்டிவ்.

‘ஜி’ தாயிடமிருந்து வருவது, பயமில்லை என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ‘எம்’ நஞ்சுக்கொடியைத் தாண்டாது, பிள்ளை தானே செய்தால்தான் உண்டு, அப்படியென்றால் கிருமி பிள்ளைக்குள்ளும் போயிருக்கலாம் என்பதையும் படம் போட்டு விளக்கினேன். படத்தை அவர் பார்க்கவில்லை.

“பாடம் நல்லா நடத்துறீங்க சார். பொண்ணுக்குக் கண்ணு தெரியுமா, தெரியாதா?”

ஈரத்துணி முறை

அந்த ரத்தம் தொப்புள்கொடியில் எடுத்தது. கொடியின் மேல் ஒட்டியிருக்கும் தாயின் ரத்தம் துளி கலந்தாலும் அவளுடைய ‘எம்’ குழந்தையின் கணக்கில் ஏறிவிடும். மாடம்பாக்கம் பக்கம் பிரசவம் பார்த்த நர்சிங் ஹோமுக்குப் போன் செய்து, நர்ஸ் ஸ்டெல்லா அக்காவிடம், கொடியைத் துடைத்துவிட்டு ஊசியால்தான் எடுத்தீர்களா என்று கேட்டேன்.

“ஊசிக்கு ஏது சார் நேரம்? வெட்டுனதும் ஈரத்துணி மாதிரி டியூப்ல பிழிஞ்சு வுட்டுடுவோம். எல்லாம் ரத்தம்தானே?”

இரண்டாவது ரிப்போர்ட்

குழந்தையின் கையிலிருந்தே மறுபடி ரத்தம் எடுத்தேன். அது அழுதது, பாய் சுவரில் இருந்த காலண்டரை மும்முரமாகப் படித்தார். மறுநாள் பார்த்தால் ‘எம்’ இல்லை. கண் டாக்டரும் பார்த்துவிட்டுக் கண் நன்றாக இருக்கிறது என்றார்.

முதல் ரிப்போர்ட் ஏன் தவறியது என்று பாய்க்குச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார்.

“விளக்கம் வேணாம் சார். இல்லைன்னு மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்க.”

தொப்புள்கொடியில் ரத்தம் எடுக்கும் முறையைப் பதினோரு குறிப்புகளாக எழுதி அந்த நர்சிங் ஹோமுக்கு அனுப்பினேன். அடுத்த வாரத்திலிருந்து அவர்களுடைய ரத்தமெல்லாம் வேறு லேபுக்குப் போனது.