எண்ணாமல் விட்ட குறுந்துடுப்புகள்

இனயம் புத்தன்துறையில் ஜெனிலாவின் வீட்டுக்கு முதன்முதலாக வந்த பட்டம் விலங்கியல் பட்டம். வேறெதிலும் இடம் கிடைக்காமல் சேர்ந்த படிப்பு அது. "மீனைப் பத்திப் படிக்க நாகர்கோவில் வரைக்கும் பஸ்ஸு ஏறணுமா மக்கா? கடலு இந்தா கெடக்கு" என்று அப்பா மரியஜான் மூன்று வருஷமும் கேலி செய்தார். ஜெனிலாவுக்கோ இரண்டாம் வருஷத்திலேயே அந்தப் படிப்பின்மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. எந்த மீன் கையில் கிடைத்தாலும் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பாள். படிப்பு முடிந்து வேலை கிடைக்கவில்லை. பல் பார்க்கிற பழக்கம் மட்டும் மிஞ்சியது. இந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவள் தன்னையே கேட்காத நாளில்லை.

வீடு ஓடியது அம்மா சகாயசெல்வியின் எக்ஸெல் வண்டியில். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் மீன் எடுத்து, மார்த்தாண்டம் தாண்டி அருமனை வரை கொண்டுபோய் வீடுவீடாக விற்பாள். ரப்பர் தோட்டத்துக்காரர்கள் மீனைப் புரட்டிப் பார்ப்பதில்லை. சகாயசெல்வி தந்தால் நல்ல மீன், அவ்வளவுதான். அந்த நம்பிக்கைக்காக அவளும் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். தனக்குத் தெரியாத மீன் வந்தால் முதலில் தன் வீட்டு அடுப்பில் ஏற வேண்டும், மறுநாள்தான் விற்பனை.

அருமனை தங்கபாய் வீட்டில் மகனுக்கு நிச்சயதார்த்தம். மத்தியானத்துக்கு நெய்மீன் வறுவல் கேட்டிருந்தார்கள். முந்தின நாள் துறைமுகத்தில் மருந்துக்குக்கூட நெய்மீன் இல்லை. ஆழ்கடலில் சூரைக்குத் தூண்டில் போட்டு வந்த வெளியூர்ப் படகு ஒன்றில் கறுத்த பெரிய மீன் கிடந்தது. படகுக்காரர்கள் அதிகம் பேரம் பேசாமல் தள்ளிவிட்டார்கள். சகாயசெல்வி அதை வீட்டு முற்றத்தில் இறக்கி மகளைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, நீ படிச்ச புள்ளைதானே. இது என்ன மீனாக்கும்?"

ஜெனிலா ஓடிவந்து முதுகைத் தடவினாள். பெரிய துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் குட்டிக்குட்டியாகக் குறுந்துடுப்புகள் நின்றன. நெய்மீனுக்கும் சூரைக்கும் அப்படித்தான் நிற்கும். அவள் மனம் துள்ளியது.

"நெய்மீனுக்க குடும்பந்தான் அம்மா! இந்தக் குறுந்துடுப்பைப் பாத்தியா? ஸ்காம்பிரிடே!"

"என்ன டேயோ. தின்னலாமா?"

"தாராளமாத் தின்னலாம்."

தோலை உரிப்பதற்குள் அம்மா படாத பாடு பட்டாள். "தொலியா இது, தேங்கா துருவியா?" என்று கத்தியை மூன்று தடவை தீட்டினாள். பிடித்துக்கொடுத்த ஜெனிலாவின் உள்ளங்கையெல்லாம் கீறல். ஆனால் வறுத்ததும் வெள்ளைச் சதை வெண்ணெயாய்க் கரைந்தது. பல்வலியால் ஜெனிலா தொடவில்லை. அம்மா ஒரு நுள்ளு ருசி பார்த்தாள். அப்பா ஐந்து துண்டை முடித்தார். கரையோரம் வள்ளம் ஓட்டும் அவருக்கு ஆழ்கடல் மீன் பழக்கமில்லை.

"நெய்மீனு இதுக்கிட்ட பிச்சை எடுக்கணும் கேட்டியா!" என்று விரலை நக்கினார்.

காலையில் அம்மா துண்டுபோட்ட மீனோடு கிளம்பிப்போனாள். கொஞ்ச நேரத்தில் அப்பா லுங்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடினார். வந்தார். திரும்பவும் ஓடினார்.

"வயறு வலிக்கா அப்பா?"

"வலியே இல்ல மக்கா, அதுதான் அதிசயம்! எனக்கே தெரியாம வருது. சுத்த எண்ணெய்! மஞ்சக் கலரு! வண்டிக்கு ஆயில் மாத்தின மாதிரி!"

ஜெனிலாவுக்குச் சுரீர் என்றது. மஞ்சள் எண்ணெய். எங்கோ படித்தது. கறிக்காக எடுத்துவைத்திருந்த தலையையும் வால்பகுதியையும் ஐஸ்பெட்டியிலிருந்து அள்ளித் தரையில் போட்டாள். குறுந்துடுப்பை எண்ணினாள். முதுகில் இரண்டு. அடியில் இரண்டு. நெய்மீனுக்கு எட்டுக்குக் குறையாதே! நேற்று ஏன் எண்ணவில்லை? வாயைப் பிளந்தாள். கீழ்த்தாடை முன்னால் துருத்தி நிற்க, மேலே ஆணி ஆணியாய்க் கோரைப்பற்கள். நேற்றுக் கீறல் விழுந்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். நெய்மீன் தோல் வழுவழுவென்றல்லவா இருக்கும்!

"ஜெம்பைலிடே!" என்று கத்தினாள்.

ஆழத்தில் வாழ்ந்து, இருட்டியதும் மேலே ஏறிக் கணவாயையும் சின்ன மீன்களையும் வேட்டையாடும் குடும்பம். நெய்மீனைவிட, வெள்ளி நாடா போல நீண்ட சாவாளைக்குத்தான் நெருங்கிய சொந்தம். அதில் இந்த முள்தோல்காரன் தன் சதையெல்லாம் மெழுகு போன்ற எண்ணெயை நிரப்பி வைத்திருக்கிறான். நீரில் மிதக்க அவனுக்கு அது உதவும். மனிதக் குடலுக்கு அதைச் செரிக்கத் தெரியாது. அப்படியே வெளியே விட்டுவிடும். உயிருக்கு ஆபத்தில்லை, மானத்துக்கு ஆபத்து. நிச்சயதார்த்தப் பந்தலில், பட்டுச்சேலையில், ஊரே! அம்மா இனி அருமனைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

பயமாக இருந்தது. கூடவே, கண்டுபிடித்துவிட்ட சந்தோஷமும் குதித்தது. அம்மா பிழைப்பு போகப்போகிறது, உனக்கு இதில் சந்தோஷமா என்று தன்னையே திட்டிக்கொண்டு அப்பாவின் பைக்கை எடுத்தாள். மீன் தலையும் வாலும் பையில் தொங்கின. அம்மாவுக்குப் போன் போட்டாள், அடித்துக்கொண்டே இருந்தது, அம்மா எடுக்கவில்லை. புதுக்கடை, மார்த்தாண்டம் நெரிசல், மேல்புறம். பஸ்களுக்கு நடுவே புகுந்து பறந்தாள்.

தங்கபாய் வீட்டுக் கொல்லையில் எண்ணெய்ச்சட்டி புகைந்துகொண்டிருந்தது. மசாலா தடவிய முதல் துண்டு சமையல்காரப் பெண்ணின் கையில்.

"போடாதீங்க! ஒருத்தரும் திங்காதீங்க!"

பக்கத்தில் நின்ற சகாயசெல்வி மகளைப் பார்த்து வெளிறிப்போனாள். ஜெனிலா மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவின் லுங்கியைச் சொன்னபோது யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தங்கபாய் சிரிக்கவில்லை.

"நல்ல மீனுன்னு பறஞ்சுதானே தந்த, சகாயம்?"

"நாந்தான் அம்மாட்ட அப்படிச் சொன்னேன்" என்று ஜெனிலா முந்தினாள்.

"நீ சும்மா இரி" என்றாள் அம்மா. "வித்தது நானாக்கும். அக்கா, எனக்குத் தெரியாத மீனு. தெரிஞ்ச மாதிரி தந்துட்டேன். நாயிகூடத் தின்னாம குழி வெட்டி மூடணும். மத்தியானத்துக்குள்ள விளமீன் கொண்டு வாறேன்."

வண்டியைக் கிளப்பி மார்த்தாண்டம் சந்தைக்கு விரைந்தாள். ஜெனிலா குழி வெட்டினாள். மூடுவதற்குமுன் பெண்கள் சூழ்ந்துகொண்டு பையில் என்ன என்றார்கள். தலையை எடுத்துப் பல்லைக் காட்டினாள், தோலைத் தடவச் சொன்னாள். "எம்மாடி, முள்ளு!" என்று ஒருத்தி கையை உதறினாள். தங்கபாயே குனிந்து குறுந்துடுப்பை எண்ணிப் பார்த்தாள்.

"ரெண்டுதான். இதை நேத்தே எண்ணினா என்னட்டி?"

"எண்ணியிருக்கணும்" என்றாள் ஜெனிலா. மண்ணைத் தள்ளிக் குழியை மூடினாள்.

விளமீன் வந்தது, வறுபட்டது, பந்தி நடந்தது. புறப்படும்போது தங்கபாய் வாசல்வரை வந்தாள். "நாளைக்கும் வா சகாயம். ஆனா எனக்க வீட்டுக்கு வாற மீனை இவ பாத்துட்டுத்தான் அனுப்பணும்."

வீட்டில் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ன குடும்பம் மக்கா அது?" சாவாளைக்குச் சொந்தம் என்றதும் அவருக்குத் தாங்கவில்லை. "சாவாளை மரியாதையான மீனாச்சே! அதுக்கு இப்படியொரு சொந்தக்காரனா?"

மறுநாள் விடிகாலை போன் அடித்தது. வீடியோவில் துறைமுகத்து விளக்கு, கூச்சல், அம்மாவின் கை தூக்கிப் பிடித்த மீனின் முதுகு.

"எண்ணுட்டி. நானும் எண்ணுதேன். ஒண்ணு..."