செவ்வாய், புதன், வியாழன்

ஷோபா பெங்களூரு தொம்மலூரில் பிறந்து தொம்மலூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். பி.காம். முடித்த கையோடு வேலைக்குப் போனவள், நாற்பதை நெருங்கும்வரை பில் போடுவதையும் ஜி.எஸ்.டி. கட்டுவதையும் தவிர வேறு எதையும் தன் வேலை என்று நினைத்ததில்லை. ஐ.டி. கம்பெனிகளுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் சந்திரசேகரனின் கேட்டரிங்கில் அவள்தான் அக்கவுண்ட்ஸ். ஹூடிப் பக்கம் கீழ்த்தளத்தில் சமையல், மாடியில் ஆபீஸ். சாம்பார் தாளிக்கிற வாசனை மேலே ஏறி வந்தால் மணி என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஒருநாள் ஒரு கன்சல்டன்ட் லேப்டாப்போடு வந்து ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்து காட்டினார். அரிசி விலையை ஒரு கட்டத்தில் மாற்றினார். அடுத்த மூன்று வருடத்து லாபமும் கண்ணெதிரே தடதடவென்று மாறி நின்றது. சந்திரசேகரன் அவருடைய ஃபீஸைக் கேட்டு மலைத்துப்போய் அவரை மரியாதையாக அனுப்பிவைத்தார். ஆனால் அந்தக் கட்டங்கள் ஷோபாவை விடவில்லை. இத்தனை வருடம் அவள் எக்செல்லில் எழுதியதெல்லாம் நடந்து முடிந்தவை. நடக்கப்போவதையும் அதில் எழுதலாம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

வைட்ஃபீல்டில் சனிக்கிழமை வகுப்பு ஒன்றில் சேர்ந்தாள். கணவன் ரகு மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்கிறவன். எதற்கு என்று கேட்காமல், சனிக்கிழமைச் சமையலைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். இந்திராநகரில் மெட்ரோ ஏறிப் போய் இறங்கினால் வகுப்பு முழுக்க இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். சொல்லிக்கொடுத்த ஸ்ரீஹர்ஷாவுக்கே முப்பது இருக்காது. அவன் வேகமாகப் பேசினான். மௌஸைத் தொடாமலே கட்டம் கட்டமாகத் தாவினான். முதல் மாதம் அவள் போட்ட ஃபார்முலாக்கள் எல்லாம் பிழை காட்டின. வகுப்பில் எல்லோரும் அடுத்த பாடத்துக்குப் போன பிறகும் அவள் பழைய ஷீட்டையே வெறித்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை திரும்பி வரும்போது, கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டால் தருவார்களா என்றுகூட யோசித்தாள்.

அவளை வகுப்பை விட்டுவிடாமல் நிறுத்திவைத்தது ஒரு சின்ன விஷயம். அனுமானங்களையெல்லாம் ஒரே பக்கத்தில் தனியாக எழுதவேண்டும், கணக்குக்கு நடுவே எந்த எண்ணையும் ஒளித்துவைக்கக் கூடாது என்று ஸ்ரீஹர்ஷா சொன்னான். அது அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. மளிகைச் சாமான் டப்பாக்களுக்குப் பெயர் ஒட்டிவைக்கிற பெண் அவள். அதன்பிறகு கை ஓடத் தொடங்கியது.

அந்த நேரத்தில்தான் சந்திரசேகரன் சந்தாபுராவில் இரண்டாவது கிச்சன் போடும் ஆசையைச் சொன்னார். ஆரணியிலிருந்து வந்து கல்யாண வீடுகளில் கரண்டி பிடித்து மேலே வந்தவர். எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனிகள் சாப்பாடு கேட்கின்றன, தினமும் நானூறு சாப்பாட்டுக்கு இல்லையென்று சொல்லவேண்டியிருக்கிறது என்று அவருக்கு ஆதங்கம். ஷோபா தயங்கித் தயங்கி, தான் ஒரு மாடல் போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். அவர் சரியென்றார்.

மூன்று வாரம் பாடுபட்டாள். வாடகை, ஆள் கூலி, கேஸ், வேன், வீணாகும் சோறு, எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம். நானூறுக்கும் ஒரு கட்டம். ஷீட் நன்றாகவே வந்தது. ஒன்றரை வருடத்தில் போட்ட முதல் திரும்பிவிடும் என்று காட்டியது. சந்திரசேகரன் அதைப் பிரிண்ட் எடுத்து மேஜைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டார். வருகிறவர்களிடமெல்லாம், ‘நம்ம ஷோபாம்மா போட்டது’ என்று காட்டினார். கிச்சனுக்காகப் பார்த்துவைத்திருந்த ஷெட்டுக்கு முன்பணம் கொடுக்க நாளும் குறித்தாயிற்று.

வகுப்பிலோ இப்போது எக்செல் முடிந்து ‘ஆர்’ என்கிற புள்ளியியல் மென்பொருள் தொடங்கியிருந்தது. அவரவர் ஆபீஸ் விவரங்களைக் கொண்டுவந்து வரைபடமாகப் போட்டுப் பாருங்கள் என்றான் ஸ்ரீஹர்ஷா. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வந்து திருப்பிவிட்ட ஆர்டர்களின் மெயில்கள் ஷோபாவிடம் இருந்தன. அவற்றைத் தேதிவாரியாக ஏற்றி, ஸ்ரீஹர்ஷா சொன்ன வரியை டைப் செய்து, பட்டனைத் தட்டினாள். திரையில் ஒட்டகத்தின் முதுகு போல ஒன்று வந்தது. செவ்வாய், புதன், வியாழன் மட்டும் மேடு. திங்களும் வெள்ளியும் தரையோடு தரை. வாரம் மாறினாலும் மாதம் மாறினாலும் அதே மேடு. ஐ.டி. பிள்ளைகள் ஆபீஸுக்கு வருவதே வாரத்தில் அந்த மூன்று நாள்தான். மற்ற நாட்களில் வீட்டிலிருந்து வேலை.

அவள் ஷீட்டோ ஐந்து நாளும் நானூறு என்று பெருக்கியிருந்தது.

அங்கேயே உட்கார்ந்து எண்ணை மாற்றிப் போட்டாள். முதல் திரும்புவது இருக்கட்டும், மாதாமாதம் கையைக் கடித்தது. ஸ்ரீஹர்ஷா பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, மாடலில் தப்பில்லை, உள்ளே போட்ட எண்ணில்தான் தப்பு என்றான். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை.

வீட்டுக்குப் போய் ரகுவிடம் சொன்னாள். நானூறு என்று சொன்னது முதலாளிதானே, உன் மேல் என்ன தப்பு என்று அவன் கேட்டான். அவளும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதையேதான் சொல்லிப் பார்த்தாள். மனசு ஏற்கவில்லை. மெயில்கள் எல்லாம் அவளுடைய பெட்டியிலேயேதானே இருந்தன.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு வேன்கள் கிளம்பிப் போனதும் சந்திரசேகரனின் அறைக்குப் போனாள்.

“சார், கிச்சனுக்கு நான் போட்ட ஷீட் தப்பு. முன்பணம் கொடுக்காதீங்க.”

அவர் கண்ணாடிக்கு அடியில் இருந்த பிரிண்டைப் பார்த்தார். “என்னம்மா தப்பு? நீதானே போட்ட?”

“நானூறு தினமும் வர்றதில்ல சார். மூணு நாள்தான். நீங்க சொன்னீங்க, நான் செக் பண்ணாம போட்டுட்டேன். மெயில் எல்லாம் எங்கிட்டதான் இருந்துச்சு. பாத்திருக்கணும்.”

லேப்டாப்பைத் திருப்பி மேட்டைக் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். குரல் உயரவில்லை. “எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேம்மா” என்று மட்டும் சொன்னார். அவள் வெளியே வந்ததும் கதவு சாத்திக்கொண்டது.

அந்த வாரம் முழுக்க அவர் அவளோடு வேலைக்குத் தேவையானதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. பிரிண்ட் கண்ணாடிக்கு அடியிலேயே கிடந்தது. ஷோபாவுக்கு வேலை போய்விடும் என்ற பயம் வரவில்லை. அதைவிடப் பெரிய சங்கடமாக இருந்தது. ஒரு மனிதர் தன்னை நம்பிப் பெருமைப்பட்டதைத் தானே பிடுங்கிக்கொண்ட மாதிரி. சனிக்கிழமை வகுப்புக்கு மனமில்லாமலே போய் வந்தாள்.

அடுத்த புதன்கிழமை சந்திரசேகரன் அவளை வேனில் ஏறச் சொன்னார். எங்கே என்று சொல்லவில்லை. சந்தாபுராவில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்புறம் கொண்டுபோய் நிறுத்தினார். பெரிய சமையற்கூடம். வரிசையாக அடுப்புகள், தண்ணீர்த் தொட்டி, பாத்திரம் கழுவும் மேடை. ஈ காக்கை இல்லை.

“சனி ஞாயிறுதான் இங்க கூட்டம். வார நாள்ல பூட்டிக் கெடக்குது. நான் சமைச்ச எடம்தான். மூணு நாளுக்கு மட்டும் வாடகை பேசினா ஒத்துக்குவாங்க. போட்டுப் பாரும்மா.”

அடுப்புகளுக்கு நடுவே நடந்துபோய் ஒன்றின் திருகைத் திருகிப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு கேட்டாள்: “வார நாள்ல முகூர்த்தம் வந்தா சார்?”

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு சந்திரசேகரன் முதல்முறையாகச் சிரித்தார். “அட, ஆமா. நான் மறந்தே போனேன் பாரு.”

அன்று மாலை பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு வார நடுவில் விழும் முகூர்த்த நாட்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள். அந்த நாட்களில் ஹூடியிலேயே கூடுதலாகச் சமைப்பது, முடியாத கம்பெனிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது என்று இரண்டு வழி எழுதினாள். இந்த முறை எந்த எண்ணையும் யார் வாய்வார்த்தையிலும் எடுக்கவில்லை. மண்டபத்து மேனேஜரிடம் போன வருட புக்கிங்கைக் கேட்டு வாங்கினாள். சந்திரசேகரன் சொன்ன கேஸ் செலவையும் பில்லோடு ஒத்துப்பார்த்தாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சந்தாபுரா மண்டபத்திலிருந்து இப்போது வாரத்தில் மூன்று நாள் வேன்கள் கிளம்புகின்றன. பெரிய லாபம் என்று சொல்லமுடியாது. ஷீட் காட்டிய அளவுக்குக் கொஞ்சம் கீழேதான். ஆவணியில் ஒரு வியாழக்கிழமை கணக்கில் இல்லாத நிச்சயதார்த்தம் ஒன்று புகுந்து எல்லோரையும் அலைக்கழித்தது. ஷோபாவுக்குச் சம்பளம் சற்று ஏறியது. சனிக்கிழமை வகுப்பில் அவள் இப்போது மழைக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். மழை பெய்தால் எத்தனை பேர் ஆபீஸுக்கு வராமல் போகிறார்கள் என்பது அவளுக்கு இன்னும் சரியாக அமையவில்லை. பெங்களூரு மழைக்கு வரைபடம் போடுவது அவ்வளவு லேசில்லை என்று ஸ்ரீஹர்ஷாவே சொல்கிறான்.